எம்டன் காலத்துக் கண்ணாடியா, இன்றைய லேசரா? தூரமானியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"அவன் சரியான எம்டன்!" வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். யாருக்கும் அஞ்சாத, எதையும் துணிந்து செய்கிற ஆளுக்குத் தமிழர்கள் வைத்த பெயர் அது. ஆனால் எம்டன் ஒரு மனிதரின் பெயர் அல்ல. அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல்.

முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் நின்று, தேடுவிளக்கைப் பாய்ச்சி, கரையோரமிருந்த எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. அவை தீப்பற்றி எரிந்தன. ஒரு குண்டு சென்னை உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பட்டது. அந்த இடத்தில் இன்றும் ஒரு நினைவுக் கல்வெட்டு உண்டு. அன்று ஊரைப் பிடித்த அச்சம்தான் கப்பலின் பெயரைத் தமிழ்ச் சொல்லாக்கியது.

அடுத்த மாதமே அந்தக் கப்பல் நம் நாட்டுக்கு வந்தது. அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலை, போலிப் புகைப்போக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, அங்கே நங்கூரமிட்டிருந்த ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் நினைவுச் சின்னம் பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

எம்டனின் முடிவு நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே வந்தது. ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை வழிமறித்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. தொலைவில் நின்றபடியே எதிரியை அடித்துவிடலாம் என்பது அதன் கணக்கு. ஆனால் எம்டன் முந்திக்கொண்டது. ஒன்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து அது சுட்ட குண்டுகள் விரைவிலேயே சிட்னியின் மீது விழத் தொடங்கின. அவற்றில் ஒன்று சிட்னியின் தூரமானியைத் தகர்த்தது. அதை இயக்கிய மாலுமியும் உயிரிழந்தார்.

தூரமானி என்றால் தூரத்தை அளக்கும் கருவி. கடைகளில் 'ரேஞ்ச்ஃபைண்டர்' என்று கேட்டால் கிடைக்கும். 1914இல் அது கண்ணாடிகளும் லென்சுகளும் பொருத்திய நீண்ட குழாய். இன்று அது உள்ளங்கையில் அடங்கும் லேசர் பெட்டி. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடிக்குள் எண் தெரியும்.

அப்படியென்றால் பழையதைத் தூக்கி எறிந்துவிடலாமா? லேசர் எப்போதும் சரியாகத்தான் சொல்லுமா? அம்பெய்தல் பயிற்சிக்குச் செல்பவர், கோல்ப் விளையாடுபவர், நில அளவை படிக்க விரும்புபவர் என எல்லாருக்கும் பயன்படும் கேள்வி இது. விடை நீங்கள் படிக்கும் இயற்பியலிலும் முக்கோணவியலிலுமே இருக்கிறது.

தூரம் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

குறிபார்த்து எய்கிறவருக்குத் தூரம் ஏன் தெரிய வேண்டும்? நேராகப் பார்த்து விட்டால் போதாதா? போதாது. வில்லிலிருந்து கிளம்பிய அம்பும் துப்பாக்கியிலிருந்து கிளம்பிய குண்டும் அந்தக் கணத்திலிருந்தே கீழே விழத் தொடங்குகின்றன. புவியீர்ப்பு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அம்பின் வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலிம்பிக் அம்பெய்தலில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கும். அம்பு அங்கே போய்ச் சேர 1.17 நொடி ஆகும. அதற்குள் அது ஏறத்தாழ 6.7 மீட்டர் விழுந்துவிடும். அதாவது ஒரு மாடி வீட்டின் உயரம்! அதனால்தான் வீரர்கள் வில்லை அந்த அளவுக்கு உயர்த்திப் பிடிக்கிறார்கள்.

இப்போது ஒருவர் 70 மீட்டரை 65 மீட்டர் என்று தவறாகக் கணித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 மீட்டருக்கு ஏற்ற அளவில் வில்லை உயர்த்துகிறார். அம்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் கீழே போய்க் குத்தும். இலக்கின் விட்டம் 122 சென்டிமீட்டர். மையத்தில் குத்தினால் 10 புள்ளி. 48 சென்டிமீட்டர் தள்ளிக் குத்தினால் 3 புள்ளிதான். கை நடுங்கவில்லை, கண் பிசகவில்லை, தூரம் மட்டும் ஐந்து மீட்டர் பிசகியது. ஏழு புள்ளி போய்விட்டது.

இதே ஐந்து மீட்டர் தவறு 20 மீட்டர் தொலைவில் நேர்ந்தால்? அம்பு 14 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும். ஆக, இலக்கு தள்ளிப் போகப் போக அதே தவறுக்குக் கொடுக்கும் விலை கூடுகிறது. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இது திரும்ப வரும்.

முதல் வழி: கோணத்தை அளப்பது

ஒரு கையை நேராக நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். இடக்கண்ணை மூடி, தொலைவிலுள்ள ஒரு பொருளுக்கு நேராக விரலை வையுங்கள். இப்போது வலக்கண்ணை மூடி இடக்கண்ணைத் திறங்கள். விரல் பக்கவாட்டில் தாவியதுபோல் தெரிகிறதா?

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி. நீட்டிய கையின் நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். விகிதம் ஒன்றுக்குப் பத்து. எனவே விரல் எவ்வளவு தூரம் தாவியதோ, அதைப் பத்தால் பெருக்கினால் பொருள் இருக்கும் தொலைவு. சாலையில் நிற்கும் 12 மீட்டர் நீளப் பேருந்தின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு விரல் தாவினால், பேருந்து சுமார் 120 மீட்டர் தள்ளி நிற்கிறது. இதுவே ஒளியியல் தூரமானியின் அடிப்படை.

பழைய தூரமானிக் குழாயின் இரு முனைகளிலும் இரண்டு சாளரங்கள் இருக்கும். அவை இரண்டு கண்கள்போல. இரு சாளரங்கள் வழியாக வரும் காட்சிகளும் நடுவிலுள்ள கண்வில்லையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். மேல்பாதியில் கப்பலின் பாய்மரம் ஓரிடத்தில், கீழ்ப்பாதியில் வேறோரிடத்தில் முறிந்ததுபோல் இருக்கும். ஒரு திருகைத் திருப்பி இரண்டையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். திருகு எவ்வளவு திரும்பியது என்பதே கோணம். கோணம் தெரிந்தால் தூரம் தெரியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரௌட் என்ற இரு பேராசிரியர்கள் தொடங்கிய பார் அண்ட் ஸ்ட்ரௌட் நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குப் புகழ்பெற்றது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரு சாளரங்களுக்கும் இடையே 1 மீட்டர் இருக்கும் கருவியில் 1,000 மீட்டர் தொலைவைப் பார்த்தால், கோணம் ஒரு பாகையின் பதினேழில் ஒரு பங்குதான். ஒரு பாகையை 3,600 பங்காக்கி, அதில் இரண்டே இரண்டு பங்கு பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் என்ன தவறு வரும் தெரியுமா?

100 மீட்டரில் 10 சென்டிமீட்டர்.
500 மீட்டரில் 2.5 மீட்டர்.
1,000 மீட்டரில் 10 மீட்டர்.
2,000 மீட்டரில் 40 மீட்டர்.

தூரம் இரு மடங்கானால் தவறு நான்கு மடங்காகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப தவறு வளர்கிறது. முன்பு பார்த்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தொலைவு கூடும்போது தூரமானியின் தவறும் கூடுகிறது, அந்தத் தவறுக்குக் கொடுக்கும் விலையும் கூடுகிறது. நெடுந்தொலைவுக்குக் குறிவைப்பவருக்கு இது இரட்டை அடி.

அடியை நீட்டினால் தவறு குறையும்

இந்தத் தவறைக் குறைக்க ஒரு வழி உண்டு. இரு சாளரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அதிகமாக்க வேண்டும். இடைவெளி இரு மடங்கானால் தவறு பாதியாகும். போர்க்கப்பல்களில் மூன்று மீட்டர், நான்கு மீட்டர் நீளக் குழாய்களை ஏற்றியது இதற்குத்தான்.

இந்த வழியை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் நில அளவையாளர்கள். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி, வெயிலில் சங்கிலி எவ்வளவு நீள்கிறது என்பதையும் கணக்கிட்டு, சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோட்டை அளக்க 57 நாள் ஆயிற்று. அந்தக் கோடே அடி. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றின் கோணத்தை அளந்தால், குன்றுவரை நடக்காமலே தூரம் கிடைத்துவிடும். அங்கிருந்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது. இப்படி முக்கோணம் முக்கோணமாகப் போய்த்தான் இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. இமயமலைச் சிகரங்களின் உயரமும் இந்தக் கணக்கின் வழியாகவே கிடைத்தது.

நம் கண்களின் அடி 6 சென்டிமீட்டர். கப்பல் தூரமானியின் அடி சில மீட்டர். லாம்டனின் அடி 12 கிலோமீட்டர். கணக்கு மூன்றுக்கும் ஒன்றேதான்.

கோணக் கருவிகளின் இன்னொரு பலவீனமும் லாம்டனுக்குத் தெரியும். 1808இல் அரை டன் எடையுள்ள அவருடைய பெரிய கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அவர் வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. மயிரிழைக் கோணத்தை அளக்கும் கருவி கீழே விழுந்தாலோ வெயிலில் சூடேறினாலோ பொய் சொல்லத் தொடங்கிவிடும். எனவே தெரிந்த ஒரு தூரத்தை அளந்து அதை அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

அளவுகோல் போதும், ஆனால்...

கோணத்தைக் கொண்டு தூரம் காண இன்னொரு குறுக்குவழி உண்டு. பொருளின் உண்மையான உயரம் தெரிந்தால் ஒரு கண்ணே போதும். தொலைநோக்கிகளிலும் துப்பாக்கிக் குறிநோக்கிகளிலும் காணப்படும் சிறு கோடுகளும் புள்ளிகளும் இதற்குத்தான்.

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் இதை வீட்டு மாடியிலிருந்தே செய்து பார்க்கலாம். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். பள்ளி அளவுகோலைக் கண்ணிலிருந்து சரியாக 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக் கோபுரம் எத்தனை சென்டிமீட்டர் உயரமாகத் தெரிகிறது என்று பாருங்கள். 452ஐ 60ஆல் பெருக்கி, கிடைத்த சென்டிமீட்டரால் வகுத்தால் தூரம் மீட்டரில் வந்துவிடும். கேஎல் சென்ட்ரல் பகுதியிலிருந்து கோபுரம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர். எனவே அது 7 சென்டிமீட்டர் அளவில் தெரிய வேண்டும்.

ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் 4.4 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேல் இருக்கும். ஏன்? கோபுரத்தின் அடிப்பகுதியை மற்றக் கட்டடங்கள் மறைத்திருக்கும். 52 மீட்டர் மறைந்தால்கூட நீங்கள் பார்ப்பது 400 மீட்டர்தான். அது 6.15 சென்டிமீட்டராகத் தெரியும். நீங்களோ 452 என்று போட்டுப் பெருக்குகிறீர்கள். அரைக் கிலோமீட்டர் பிசகிவிடும். அளவுகோல் தவறு செய்யவில்லை, நாம் வைத்துக்கொண்ட அனுமானம்தான் தவறு செய்தது.

இரண்டாம் வழி: ஒளியின் பயணத்தை அளப்பது

1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்தார். அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே அதைக் கொண்டு தூரம் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன.

லேசர் தூரமானியின் கணக்கு மிக எளிது. அது ஓர் ஒளித்துடிப்பை அனுப்புகிறது. பொருளின்மீது பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறது. ஒளியின் வேகத்தால் பெருக்கி, போய்வந்த தூரம் என்பதால் இரண்டால் வகுக்கிறது.

கணக்கு எளிது, கடிகாரம்தான் கடினம். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 150 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்துக்குப் போய்வர அதற்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே போதும். ஒரு மீட்டர் வித்தியாசத்தைக் காண வேண்டுமானால், ஒரு நொடியின் நூறு கோடியில் ஏழு பங்குக்கும் குறைவான நேரத்தைப் பிரித்தறிய வேண்டும். இதைச் செய்யும் மின்னணுச் சில்லு மலிவானதும்தான் லேசர் தூரமானி இராணுவத்திலிருந்து கோல்ப் திடலுக்கு வந்தது.

இதன் பெரிய பலம் என்ன? தவறு தூரத்தோடு சேர்ந்து வளர்வதில்லை. கருவியின் தவறு ஒரு மீட்டர் என்றால் 100 மீட்டரிலும் ஒரு மீட்டர்தான், 1,000 மீட்டரிலும் ஒரு மீட்டர்தான். திரும்பிவரும் ஒளி போதுமான அளவு இருந்தால் போதும். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் சந்திரனில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்மீது இன்றும் லேசரைப் பாய்ச்சி அளக்கிறார்கள். போய்வர இரண்டரை நொடி ஆகும். அவ்வளவு தொலைவையும் சென்டிமீட்டருக்கும் குறைவான தவறோடு கணக்கிட முடிகிறது.

கோணக் கருவி நெடுந்தொலைவில் ஏன் தோற்றது என்பது இப்போது புரிந்திருக்கும்.

லேசர் எப்போது பொய் சொல்லும்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கோணக் கருவி எப்போதும் கொஞ்சம் பிசகும். லேசர் அப்படியல்ல. அது சரியாகச் சொல்லும், இல்லையென்றால் முழுக்கத் தவறாகச் சொல்லும். இரண்டையும் ஒரே உறுதியோடு திரையில் காட்டும்.

நீங்கள் திடலின் கம்பிவேலிக்கு இப்பால் நின்று, 48 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி லேசரை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 12 மீட்டர் என்று வருகிறது. கருவி கெட்டுப்போகவில்லை. அது வேலியின் கம்பியை அளந்துவிட்டது. எதிலிருந்து ஒளி திரும்பியது என்பது அதற்குத் தெரியாது.

லேசர் கதிர் நூல்போல மெலிந்தே போகும் என்று நினைப்பதும் தவறு. அது மெல்ல விரிந்துகொண்டே போகிறது. 50 மீட்டரில் 10 சென்டிமீட்டர் அகலமாகும் கதிர் 500 மீட்டரில் 1 மீட்டர் அகலமாகிவிடும். இலக்கு சிறியதாக இருந்தால், பக்கத்திலுள்ள புதரிலோ பின்னாலுள்ள மேட்டிலோ பட்டுத் திரும்பும் ஒளியையும் கருவி எடுத்துக்கொள்ளும்.

நம் ஊர் வானிலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் மழையில் லேசர் மழைத்துளிகளில் பட்டுச் சிதறும். புகைமூட்டக் காலத்தில் ஒளி வழியிலேயே மங்கிவிடும். கண்ணாடிச் சுவரிலும் நீர்ப்பரப்பிலும் சாய்வாகப் பட்டால் வேறு திசைக்குத் திரும்பிப் போய்விடும். கறுப்பான, சொரசொரப்பான பரப்பு மிகக் குறைவான ஒளியையே திருப்பி அனுப்பும். பெட்டியின்மேல் '1,000 மீட்டர்' என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் சாலைப் பலகை போன்ற பளபளப்பான பொருளுக்கான எண். மரத்துக்கும் மண்மேட்டுக்கும் அதில் பாதிகூட எட்டாமல் போகலாம்.

மின்கலம் தீர்ந்தால் லேசர் வெறும் பெட்டி. பழைய கண்ணாடிக் குழாய்க்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்கு வெளிச்சமும் கூர்மையான விளிம்புள்ள இலக்கும் பழகிய கண்ணும் வேண்டும். மங்கிய மாலையில், விளிம்பு தெரியாத புதர் ஒன்றில் இரு காட்சிகளையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

ஒரு பாதுகாப்புச் செய்தி. கடையில் விற்கும் தூரமானிகள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துபவை. வாங்கும்போது 'வகுப்பு 1 லேசர்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் யாருடைய கண்ணையும் நோக்கி அழுத்தாதீர்கள்.

உங்களுக்கு எது பொருந்தும்?

கடைக்குப் போகுமுன் இந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள்.

முதலாவது, விதிமுறை அனுமதிக்கிறதா? உலக அம்பெய்தல் சம்மேளனத்தின் கள அம்பெய்தல் போட்டிகளில் பாதி இலக்குகளின் தூரம் சொல்லப்படாது. வீரர் கண்ணாலேயே கணிக்க வேண்டும். தூரமானிக்கு அங்கே தடை. கோல்பில் 2019 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, போட்டி ஏற்பாட்டாளர் தடுக்காவிட்டால் தூரமானியைப் பயன்படுத்தலாம். திடலில் 70 மீட்டர் இலக்குக்குப் பயிற்சி எடுப்பவருக்கோ தூரம் ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருக்கும். அவருக்கு எந்தத் தூரமானியும் தேவையில்லை. துப்பாக்கிச் சுடுதலைப் பொறுத்தவரை, நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஆர்வமுள்ளவர்கள் அங்கீகரிக்கப்பட்ட மன்றங்களின் வழியாக மட்டுமே போக வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு தூரம், எவ்வளவு துல்லியம்? 50 மீட்டருக்குள் என்றால் பழகிய கண்ணும் கட்டை விரலும் பெரும்பாலும் போதும். நூற்றுக்கணக்கான மீட்டர் என்றால் லேசர்தான். அங்கே கையடக்க ஒளியியல் கருவியால் அதனோடு போட்டியிட முடியாது.

மூன்றாவது, நடுவில் என்ன இருக்கிறது? திறந்த திடலில் லேசரை நம்பலாம். வேலி, கிளைகள், உயர்ந்த புல், மழை இருந்தால் முதல் எண்ணை நம்பாதீர்கள். இலக்கின் வெவ்வேறு பகுதிகளில் மூன்று முறை அளந்து பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இடம் மாறி நின்று மீண்டும் அளங்கள். சில கருவிகளில் முதலில் திரும்பும் ஒளியை விட்டுவிட்டுத் தொலைவிலிருந்து திரும்புவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. புதர்களுக்கு நடுவே அளப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

லேசர் தூரமானி சில நூறு ரிங்கிட்டிலிருந்து கிடைக்கிறது. ஒரு மாணவருக்கு அது சிறிய தொகை அல்ல. எனவே வாங்குமுன் ஒரு மாதம் கண்ணால் கணித்துப் பழகுங்கள். நீங்கள் சொன்ன எண்ணையும் உண்மையான தூரத்தையும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இந்தப் பயிற்சி பின்னர் லேசர் வாங்கினாலும் வீணாகாது. 48 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கருவி 12 என்று காட்டும்போது "இது சரியில்லை" என்று சொல்லப் போவது அந்தப் பழகிய கண்தான்.

ஆற்றைக் கடக்காமல் ஆற்றை அளக்கலாம்

கிள்ளான் நகரின் நடுவே ஓடும் ஆற்றின் அகலத்தைப் பாலத்தில் ஏறாமல் அளக்க முடியுமா? முடியும். முதலில் பள்ளித் திடலில், திடலின் மறுபக்கத்தை எதிர்க்கரையாக நினைத்துச் செய்து பாருங்கள். ஆற்றங்கரைக்குப் போவதானால் ஆசிரியர் ஒருவரோடு, தடுப்புள்ள நடைபாதையில் மட்டும் போங்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு நேர் எதிரே நில்லுங்கள். அங்கிருந்து கரையோரமாக 30 மீட்டர் நடந்து ஒரு குச்சியை நடுங்கள். அதே திசையில் இன்னும் 10 மீட்டர் நடங்கள். இப்போது ஆற்றுக்கு முதுகைக் காட்டி, செங்கோணத்தில் திரும்பி நேராக நடங்கள். குச்சியும் எதிர்க்கரை மரமும் ஒரே கோட்டில் தெரியும் இடம் வந்ததும் நின்றுவிடுங்கள். ஆற்றுக்கு முதுகைக் காட்டி நடந்த தூரத்தை மூன்றால் பெருக்கினால் அதுவே அகலம். இரண்டு வடிவொத்த முக்கோணங்கள், வேறொன்றும் இல்லை.

நின்ற இடத்தில் அரை மீட்டர் பிசகினால் விடையில் ஒன்றரை மீட்டர் பிசகும். கோண முறையில் தவறு எப்படிப் பெருகுகிறது என்பதை உங்கள் கால்களே சொல்லித் தரும். நண்பரிடம் லேசர் இருந்தால் அதையும் கொண்டு அளந்து, இரு விடைகளையும் ஒப்பிடுங்கள். நெருங்கி வந்தால் இரண்டையும் நம்பலாம். வெகுவாக வேறுபட்டால் எது எங்கே பிசகியது என்று தேடுங்கள். பள்ளி அறிவியல் கழகத்துக்கு இதைவிட நல்ல செயல்திட்டம் கிடைக்காது.

சாலைப் பணி நடக்கும் இடங்களில் முக்காலிமேல் பொருத்திய கருவியோடு ஒருவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவியின் பெயர் டோட்டல் ஸ்டேஷன். அது கோணத்தையும் அளக்கும், ஒளியைக் கொண்டு தூரத்தையும் அளக்கும். லாம்டனின் வழியும் மைமனின் வழியும் ஒரே பெட்டிக்குள் கூடியிருக்கின்றன. நில அளவை, புவித்தகவல் துறைகளை யுடிஎம், யுஐடிஎம் போன்ற உயர்கல்விக் கூடங்களில் பயிலலாம். கணிதத்தில் ஆர்வமும் வெயிலில் நிற்கத் தயக்கமின்மையும் உள்ளவர்களுக்கு ஏற்ற துறை இது.

கோகோஸ் கடலில் சிட்னிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கவில்லையே. தூரமானியை இழந்த பிறகும் அதன் வீரர்கள் ஓய்ந்துவிடவில்லை. குண்டு கடலில் விழுந்து நீர் எழும்பும் இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். முன்னே விழுந்ததா, தாண்டி விழுந்ததா என்று கணித்து அடுத்த குண்டைத் திருத்தினார்கள். கடைசியில் பெரிய பீரங்கிகள் வென்றன. எரிந்துகொண்டிருந்த எம்டன் வட கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றது. அதன் மாலுமிகளில் 134 பேர் இறந்தனர். சிட்னியில் இறந்தவர்கள் நால்வர்.

அன்று கருவி போன பிறகு கைகொடுத்தது பழகிய கண். லேசர் உங்கள் கைக்கு வரும் நாளிலும் பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் நின்று, "எத்தனை மீட்டர் இருக்கும்?" என்று உங்களையே கேட்டு ஓர் எண்ணைச் சொல்லுங்கள். பிறகு அழுத்துங்கள்.